கொடுக்கப்படாத பாட்டு

இணையத்தில் கிடைக்கும் பாட்டை உரியவர் அனுமதியில்லாமல் பதிவிறக்கிக்கொள்வது களவா என்ற கேள்விக்கு விடை, களவு என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதைப் பொறுத்தது. மாட்டை ஓட்டிச் சென்றால் தொழுவம் காலியாகிவிடும். பாட்டை நகலெடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே இன்னொன்று உண்டாகும். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை என்ற உவமை இந்த வாதத்தில் தவறாமல் வரும். 1813இல் எழுதிய கடிதம் ஒன்றில் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சனும் மனிதரின் கருத்துகளுக்கு இதே உவமையைக் கையாண்டார்.

தமிழ்ப் பேச்சுவழக்கு இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கிறது. கடைத்தெருவில் விற்ற கள்ளநகலுக்குத் தயக்கமே இல்லாமல் ‘திருட்டு விசிடி’ என்று பெயர் வைத்தது. ஆனால் எண்பதுகளில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிந்து வாங்கிப்போனவர்களை யாரும் திருடர் என்று அழைத்ததில்லை. அவர்களும் அப்படி நினைத்ததில்லை. செய்தவை இரண்டும் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் திருட்டு என்பது, நகர்த்தக்கூடிய ஒரு பொருளை ஒருவர் கைவசத்திலிருந்து அவர் இசைவின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் அகற்றுவது. நகலெடுத்த பாட்டு எவர் கைவசத்தையும் விட்டு நகர்வதில்லை. எனவே அது திருட்டு ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மீறல் ஆகும். எல்விஸ் பிரெஸ்லியின் கள்ள இசைத்தட்டுகள் தொடர்பாக 1985இல் வந்த ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே சொன்னது: பதிப்புரிமையை மீறுவதைப் பொருள் திருட்டோடு அப்படியே ஒன்றாக வைக்க முடியாது. மீறல் என்றால் சிறு குற்றம் என்று பொருளில்லை. தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடிக்காரர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தார்கள்.

அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. வாங்கிய குறுந்தகட்டிலிருந்து தன் கைப்பேசிக்குப் பாட்டை மாற்றிக்கொள்பவர் இந்த நிழலில் ஒதுங்கலாம். கள்ளத்தளத்திலிருந்து முழுப் படப்பாடல்களையும் இறக்குபவர் ‘நியாயமான’ என்ற சொல்லைத் தனக்குச் சாதகமாகக் காட்டுவது கடினம்.

திருட்டு இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டால் அறத்தின் கணக்கும் தீர்ந்துவிடுகிறதா? இந்தியச் சமய மரபுகள் களவை வரையறுக்கும் முறை இங்கே மிகவும் உதவுகிறது. சமணமும் பௌத்தமும் இதற்கு வழங்கும் சொல் ‘அதத்தாதானம்’. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வது என்பது அதன் பொருள். உடையவர் எதை இழந்தார் என்ற பேச்சு அந்தச் சொல்லில் இல்லை. கொடுத்தாரா, இல்லையா என்பது மட்டுமே அளவுகோல். ‘அவருக்கு ஒன்றும் குறையவில்லையே’ என்ற வாதம் குற்றவியல் சட்டத்தின் திருட்டு வரையறைக்கு விடை ஆகலாம். அதத்தாதானத்துக்கு விடை ஆகாது. வள்ளுவரும் ‘கள்ளாமை’ அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்து, பிறர் பொருளைக் கவர நினைக்கும் நினைப்பையே குற்றத்தின் தொடக்கமாகக் காண்கிறார். பௌத்த உரை மரபு சற்றுக் கறாரானது. பொருள் பிறருடையது, எடுப்பவர் அதை அறிவார், கவரும் எண்ணம், அதற்கான முயற்சி, பொருள் அகற்றப்படுதல் ஆகிய ஐந்தும் கூடினால்தான் களவு நிறைவேறும் என்கிறது. முதல் நான்கும் பதிவிறக்கத்தில் இருக்கக்கூடும். ஐந்தாவதை வைத்து வாதாட இடமுண்டு. ஆனால் நான்கு உறுப்புகள் கூடிய செயலைக் குற்றமற்றது என்று எந்தத் துறவியும் சொல்லத் துணியமாட்டார்.

சமண மரபு இன்னும் நுட்பமான ஓர் ஐயத்தை எழுப்பித் தீர்த்துவைக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்துக்கு ‘சர்வார்த்தசித்தி’ என்ற உரை எழுதிய பூஜ்யபாதர், பிச்சைக்குச் செல்லும் துறவி தெருவிலும் ஊர்வாயிலிலும் நடப்பது கொடுக்கப்படாததைக் கொள்வது ஆகாதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறார். ஆகாது என்பது அவர் விடை. தெருவும் வாயிலும் எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டவை. அதே துறவி, சாத்திய கதவைத் திறந்து உள்ளே போகமாட்டார். அது அப்படி விடப்படவில்லை.

இணையத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டைப் படக்குழுவே 2011 நவம்பரில் யூடியூபில் எவரும் கேட்கும்படி வெளியிட்டது. அது திறந்த வாயில். 2012இல் அதே படத்தை யாரும் கள்ளத்தனமாகப் பரப்பாதபடி அதன் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. அது சாத்திய கதவு. இரண்டுக்கும் நடுவே முரண் ஏதுமில்லை. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைப்பது என்பது உரியவர் விருப்பம். அந்தத் தடை, பெயர் தெரியாத எதிரிகளுக்காக ‘அசோக் குமார்’ என்ற கற்பனைப் பெயரில் வாங்கப்பட்டது. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுசாக முடக்கின. கள்ளநகல் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஒரு கதவைக் காக்கப் போய்த் தெருவையே அடைத்ததும் தவறுதான்.

சமண நூல்கள் கள்ளாமை நோன்பின் பிழைகளாக ஐந்தைச் சொல்கின்றன. பிறரைக் களவுக்குத் தூண்டுவதும், களவுப் பொருளைப் பெற்றுக்கொள்வதும், போலியை விற்பதும் அவற்றில் அடக்கம். எனவே ‘தளம் நடத்துபவன்தான் திருடன், இறக்குபவர் வெறும் ரசிகர்’ என்ற பிரிவினை இங்கே செல்லாது. பிற சமயங்களும் வெவ்வேறு வழியில் அருகருகே வந்து சேர்ந்திருக்கின்றன. இஸ்லாமியச் சட்டத்தில் தொட்டறிய முடியாத ஒன்று சொத்தாகுமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை 1988இல் குவைத்தில் கூடியபோது நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மார்க்கப்படி காக்கப்பட வேண்டியவை என்று முடிவு செய்தது. யூத அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன், சமய உரைகள் பதிந்த ஒலிநாடாவைக்கூட உரியவர் அனுமதியின்றி நகலெடுப்பது களவின் பாற்படும் என்றார். இறைவார்த்தையைப் பரப்புகிறோம் என்ற நல்ல நோக்கமும் அங்கே விலக்காகவில்லை.

கொடுத்தல்தான் அளவுகோல் என்றால், கொடுக்க உரியவர் யார்? படப்பாட்டைப் பொறுத்தவரை இது எளிய கேள்வி இல்லை. படத்துக்காகக் கூலி பெற்று அமைத்த இசைக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடிய குரலுக்கு உரிமையே இல்லாதிருப்பதைத் தனிக் குறிப்பில் வருந்தி எழுதினார். பாடகர் முதலான நிகழ்த்துநர்களின் உரிமை 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. 2012 திருத்தம், படம் திரையரங்கில் ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெற வேண்டிய பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாததாக்கியது. அதற்கு முன்பு, பதிவிறக்குபவர் கொடுக்காத காசு பெரும்பாலும் இசை நிறுவனத்தின் காசு. இப்போது அதில் ஒரு பகுதி பாட்டு எழுதியவருடையது. ‘கம்பெனிக்குத்தானே நட்டம்’ என்ற ஆறுதலுக்கு இனி இடமில்லை.

மிகக் கடினமான வழக்கு, எங்கும் விலைக்குக் கிடைக்காத பாட்டுதான். பழைய இசைத்தட்டுகளில் இருப்பவற்றில் பல மறுபதிப்புக் காணவில்லை. நிறுவனம் விற்பதுமில்லை, விடுவதுமில்லை. சேகரிப்பாளர் ஒருவர் தம் தட்டிலிருந்து பதிந்து இணையத்தில் ஏற்றினால்தான் அது பிழைக்கிறது. கொடுக்கப்படாதது என்ற வரையறை இங்கும் தளர்வதில்லை. ஆனால் கள்ளாமையைச் சொன்ன அதே சமணம் அபரிக்கிரகத்தையும் நோன்பாகச் சொல்கிறது. தேவைக்கு மேல் சேர்த்துப் பூட்டிவைப்பதும் குற்றமே. நூறு பேர் கேட்டுக் கண்கலங்கக்கூடிய குரலை அலமாரியில் கிடந்து மங்கவிடும் உரிமையாளரையும் அந்த நோன்பு கட்டுப்படுத்தும். அப்படிப்பட்ட பாட்டை இறக்கிக் கேட்பவரின் குற்றத்தையும், நேற்று வெளியான படத்தின் பாட்டைக் காசு கொடுக்க மனமின்றி இறக்குபவரின் குற்றத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

சாத்திய கதவும் என்றைக்கும் சாத்தியே இருப்பதில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1961இல் வெளியான ‘பாவ மன்னிப்பு’ பாடல்களின் அந்நாளைய ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 2021உடன் முடிந்துவிட்டது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு அது 2041 வரை செல்லும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் பின்னர் மறைந்தவர் விஸ்வநாதன், 2015இல்; எனவே இசைக்கு 2075 வரை. ஒரே பாட்டுக்கு மூன்று பூட்டு, மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் திறப்பு.

காலம் முடியும்வரை காத்திராமல் கதவு திறக்கப்பட்டதும் உண்டு. பாரதி பாடல்களைப் பதிவுசெய்யும் உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது அது வழக்காயிற்று. தேசத்தின் கவி தனியொருவர் உடைமையாக இருக்கலாமா என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். இன்று பாரதி பாட்டை யாரும் அச்சிடலாம், பாடலாம், படத்தில் சேர்க்கலாம். அதை ஒரு பாடகர் புதிதாகப் பாடிப் பதிவுசெய்தால், அந்தப் பதிவுக்கு மட்டும் தனியே 60 ஆண்டு உரிமை உண்டு.