முட்டிக்குப் பின்னால் இருக்கும் உடம்பு

தேயிலை மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைத் தின்னும். கேமரன் மலையில் கம்போங் ராஜா, புளூவேலி பக்கம் கொழுந்து பறித்தவர்களைக் கேட்டால் தெரியும். முதுகில் நிறைகூடை, காலடியில் ஈரச் சரிவு. அப்படி நடந்தவர்கள் இன்று பாட்டிகள்.

*

வலிக்கிறதென்று நடையைக் குறைக்கிறோம். நடை குறையத் தொடைச் சதை வற்றுகிறது. சதை வற்ற வற்ற முட்டி இன்னும் வலிக்கிறது. முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் போகும் நாளில் தேய்ந்திருப்பது மூட்டு மட்டுமல்ல, ஆளும்தான்.

*

முதுமைத் தளர்ச்சிக்கு மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் 2001இல் 5 அடையாளங்கள் வகுத்தார்கள்: தானாக எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் தளர்ச்சி. ஐந்தில் ஒன்றுகூட முட்டி எக்ஸ்ரேயில் தெரியாது.

*

மூட்டு புதிது, அதை நிமிர்த்தும் தொடை பழையது. ஆபரேஷனுக்குப் பின் முதல் மாதத்தில் அந்தத் தசை தன் பலத்தில் பாதியைக்கூட இழந்துவிடலாம். அன்றைக்கோ மறுநாளோ மிஸ்ஸி வந்து எழுப்பி நிற்கவைப்பது அதனால்தான். முட்டிக்கடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் மடங்கியே பழகிவிடும். படியேற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் செய்த கால் முதலில்.

*

மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ஈப்போ. சிம்பாங் பூலாய் சாலையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். பிசியோவுக்கு அடிக்கடி போய்வர முடியாது. மீதி நாளெல்லாம் வீடுதான் பயிற்சிக்கூடம்.

அங்கே ஓர் அம்மா நாற்காலியின் விளிம்புக்கு நகர்கிறார். பாதங்களைப் பின்னுக்கு இழுக்கிறார். முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து எழப்போகிறார். மருமகள் ஓடிவருகிறாள்: "நீங்க உக்காருங்க அத்தை, நான் எடுத்துத் தர்றேன்."

அன்பான சொல்தான். தளர்ந்த உடம்பை அதைவிடக் கெடுப்பது வேறில்லை. பக்கத்தில் நிற்கலாம், விழாமல் பார்த்துக்கொள்ளலாம். எழுவதை அவர்தான் செய்ய வேண்டும்.

*

ஆறு வாரத்தில் நடை திருந்தும். முழுதாகத் தேற ஒரு வருடம்கூட ஆகும். பக்கத்து வீட்டுக்காரருடைய வேகத்தோடு ஒப்பிட வேண்டாம்.

*

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்திருக்கும் மாதங்களை உட்கார்ந்தே கழிக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். தட்டில் முட்டையோ பருப்போ தினமும் இருக்கட்டும்.