ஜமக்காளத்துக்கு அடியில்...

'உண்மையே பேசு' என்று ஒண்ணாங்கிளாஸிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யாரிடம், எப்போது, எவ்வளவு பேசுவது என்பதை மட்டும் கடைசி வரை யாரும் சொல்லித்தருவதில்லை. பென்சிலைத் திருடியது யார் என்று டீச்சர் கேட்கும்போது சொல்கிற உண்மையும், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துக் கட்டினவளிடம் சொல்கிற உண்மையும் ஒரே ரகம்தானா?

ஒரு சின்னக் கற்பனை. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்த உங்கள் கணவரோ மனைவியோ எதிரே உட்கார்ந்து, "உன்கிட்ட ரொம்ப நாளா ஒரு விஷயத்தை மறைச்சு வெச்சிருந்தேன். இனிமேலும் மறைக்க மனசு வரலை..." என்று ஆரம்பிக்கிறார். அவரை நேர்மையானவர் என்பீர்களா? 'இத்தனை நாள் சொல்லாம இருந்தவருக்கு இன்னிக்கு மட்டும் என்ன வந்தது?' என்று கேட்பீர்களா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். அதற்குள் ஒரு டி.வி. தொடரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

1973-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் ஸ்வீடன் நாட்டுத் தொலைக்காட்சியில் வாரம் ஒன்றாக ஒளிபரப்பான தொடர் அது. 'ஸீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' என்று ஆங்கிலத்தில் பெயர். நம் வசதிக்கு, 'ஒரு கல்யாணத்திலிருந்து சில காட்சிகள்' என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே ஆறு எபிசோட்தான்! (நம்ம ஊர் மெகா சீரியலில் ஆறாவது எபிசோடுக்குள் கதாநாயகி சமையலறையிலிருந்து ஹாலுக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.) எழுதி இயக்கியவர் இங்மர் பெர்க்மன். சொந்த வாழ்க்கையில் ஐந்து கல்யாணம் செய்துகொண்டவர். விஷயம் தெரிந்த ஆள் என்று தாராளமாக நம்பலாம்.

கணவன் யோஹான், வயது 42. இணைப் பேராசிரியர். மனைவி மரியான், 35. வக்கீல். அதுவும் குடும்ப வழக்குகள், விவாகரத்துகள் பார்க்கிற வக்கீல். இரண்டு பெண் குழந்தைகள். அழகான வீடு. சண்டையே போடாத ஜோடி என்று ஊரில் பேர். முதல் காட்சியிலேயே ஒரு பெண்கள் பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க வருகிறார்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் யோஹான் தன் அறிவு, அழகு, திறமை என்று வரிசையாக அடுக்குகிறான். மரியானுக்கு வார்த்தை வரவில்லை. தான் யோஹானின் மனைவி, இரண்டு பெண்களுக்கு அம்மா என்பதற்கு மேல் அவளால் நகர முடியவில்லை.

அந்த இடத்திலேயே நமக்கு லேசாக உறுத்துகிறது. அவர்களுக்கு உறுத்தவில்லை.

இரண்டாவது எபிசோடின் தலைப்பு, குப்பையை விரிப்புக்கு அடியில் தள்ளி மறைக்கும் கலை. நம் பாஷையில் சொன்னால், ஜமக்காளத்துக்கு அடியில் பெருக்கித் தள்ளுவது. ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்று நாம் சொல்வது வேறு, இது வேறு. இங்கே யாரும் பொய்யே சொல்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த எபிசோடில் ஒரு துக்கடாக் காட்சி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெற்றோருடன் சாப்பாடு என்பது அந்தக் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். ஒரு வாரமாவது அதிலிருந்து தப்பிக்கலாமே என்று மரியானுக்குத் தோன்றுகிறது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவுக்கு போன் செய்கிறாள். பேசப் பேசக் குரல் இறங்குகிறது. கடைசியில், வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். கோர்ட்டில் அடுத்தவர்களுக்காக வாதாடுகிற வக்கீலுக்கு, 'இந்த வாரம் வரலைம்மா' என்று நாலு வார்த்தை சொல்ல வரவில்லை!

அதே எபிசோடில் அவளிடம் ஒரு வயதான பெண்மணி விவாகரத்து கேட்டு வருகிறாள். புருஷன் நல்லவர், குடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தில் அன்பு இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. குழந்தைகள் வளரட்டும் என்று அத்தனை வருஷம் காத்திருந்தாளாம். கேட்கக் கேட்க மரியானின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நடித்தவர் லிவ் உல்மன். சும்மாவா!

மூன்றாவது எபிசோடில்தான் நாம் ஆரம்பத்தில் செய்த கற்பனை நடக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்த யோஹான், சாப்பிட்டுவிட்டு, பவுலா என்ற 23 வயதுப் பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்கிறான். நாளைக் காலையில் அவளோடு பாரிஸ் போகிறானாம். போதாக்குறைக்கு, இந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்துப்போக நாலு வருஷமாகவே நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறான். மரியான் கத்தவில்லை. பெட்டி அடுக்க உதவி செய்கிறாள். மறுநாள் அவன் போன பிறகு ஒரு நண்பருக்கு போன் செய்து அழுகிறாள். அப்போதுதான் தெரிகிறது, விஷயம் நண்பர்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும் என்று.

இப்போது கேள்விக்கு வருவோம். யோஹான் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த ராத்திரி அவன் நேர்மையாகத்தான் நடந்துகொண்டானா?

உண்மை பேசுவது பற்றித் தத்துவ உலகத்தில் ரொம்பக் கறாரான ஆள் ஜெர்மனியின் இம்மானுவல் காண்ட். 1797-ல் ஒரு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொலை செய்ய ஒருவன் துரத்தி வருகிறான், நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் வாசலில் நின்று 'உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார். பொய் ஒரு தடவை நியாயமாகிவிட்டால் வார்த்தைக்கே மரியாதை போய்விடும் என்பது அவர் கவலை.

இதே காண்டுக்கு 1791-ல் ஆஸ்திரியாவிலிருந்து மரியா வான் ஹெர்பர்ட் என்ற இளம்பெண் ஒரு கடிதம் எழுதினாள். தனக்கு முன்பு இருந்த ஒரு காதலைக் காதலனிடம் மறைத்திருந்ததாகவும், மனசு கேட்காமல் சொல்லிவிட்டதாகவும், அதிலிருந்து அவன் விலகிப் போய்விட்டதாகவும் சொல்லி ஆறுதல் கேட்டிருந்தாள். காண்ட் அடுத்த வருஷம் பதில் எழுதினார். மனசில் இருக்கிற எல்லாவற்றையும் கொட்டாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். நீ வருந்துவது பொய் சொன்னதற்காகவா, அல்லது அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிட்டோமே என்றா என்று கேட்டார். அவன் அன்பு உண்மையானதாக இருந்தால் காலப்போக்கில் திரும்பும், இல்லையென்றால் எப்படியும் போயிருக்கக்கூடியதுதான் என்றார்.

அறிவான பதில். மறுக்க முடியாது. ஆனால் அழுகிற பெண்ணுக்கு எழுதின பதிலா அது? காண்ட் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்துவது அநியாயம்தான். ஆனாலும் தோன்றுகிறது.

நம்ம வள்ளுவர் இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானவர். பாருங்கள்... 'வாய்மை' என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார், முப்பதாவது அதிகாரம். அது இல்லறவியலில் இல்லை. துறவறவியலில் இருக்கிறது! இல்லறத்தில் இருப்பவனுக்கு அவர் முன்னாலேயே கொடுத்துவிட்டது 'இனியவை கூறல்.' அப்படியானால், 'சாமியாருக்கு உண்மை, சம்சாரிக்கு இனிய வார்த்தை' என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டாரா?

அப்படி முடிவு கட்டிவிட முடியாது. இனியவை கூறலின் முதல் குறளைப் படித்துப் பாருங்கள். இனிய சொல்லுக்கு அன்பு கலந்திருக்க வேண்டும் என்பதோடு, வஞ்சனை இருக்கக் கூடாது என்றும் நிபந்தனை போடுகிறார். வாய்மை அதிகாரத்தின் முதல் குறளோ, தீங்கு இல்லாததைச் சொல்வதுதான் வாய்மை என்கிறது. அதாவது இனிமைக்குள் உண்மை இருக்கணும், உண்மைக்குள் இரக்கம் இருக்கணும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பிக்க முடியாது.

இந்த இரண்டு அளவுகோலையும் யோஹான் வீட்டில் வைத்துப் பார்ப்போம். நாலு வருஷம் இனிமை இருந்தது, அதற்குள் உண்மை இல்லை. ஒரு ராத்திரி உண்மை வந்தது, அதில் இரக்கம் இல்லை. அவன் சொன்னது மரியானுக்குத் தெரியட்டும் என்பதற்காகவா? பாரிஸ் விமானத்தில் ஏறுமுன் தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான். நாளைக் காலையில் கிளம்புகிறவன் இன்று ராத்திரி சொல்வது தகவல்தான். அவளுக்குப் பேச, கோபப்பட, மாற, மாற்ற என்று எந்த அவகாசமும் அதில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் 'எனக்கு இங்கே மூச்சு முட்டுது' என்று சொல்லியிருந்தால், அது இருவருக்கும் பொதுவான பிரச்னையாக இருந்திருக்கும். தாமதித்ததால் அவன் மட்டும் எழுதின தீர்ப்பாகிவிட்டது.

உண்மையும் கைமாத்து மாதிரிதான் போலிருக்கிறது. அன்றைக்கே கொடுத்தால் சில்லறையில் முடியும். தள்ளிப்போடப் போட வட்டி ஏறி, ஒருநாள் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

அதனால்தான் அந்த வீட்டின் முதல் பெரிய தவறு பவுலா இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் என்று தோன்றுகிறது. 'இந்த வாரம் வேண்டாம்' என்ற சின்ன உண்மையைச் சொல்லப் பழகாத வீட்டில், 'நீ வேண்டாம்' என்கிற பெரிய உண்மை மட்டும் எப்படிப் பக்குவமாக வெளியே வரும்? இவர்களை உணர்ச்சி விஷயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்கிறார் பெர்க்மன். ஐந்தாவது எபிசோடின் தலைப்பே அதுதான்.

'சார், சொல்வது சுலபம். எல்லா வீட்டிலும் உண்மை பேச முடியுமா?' என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஐந்தாவது எபிசோடில் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சந்திக்கிறார்கள். பேச்சு முற்றி, யோஹான் மரியானை அடித்துவிடுகிறான். படித்த, நாகரிகமான, பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த அதே யோஹான்! வாயைத் திறந்தால் அடி விழும், சோறு போகும், வீடு போகும் என்ற நிலையில் இருப்பவரிடம் போய் 'ஏன் உண்மையைச் சொல்லவில்லை?' என்று கேட்பது அயோக்கியத்தனம். உண்மை பேசும் கடமை இருவருக்கும் பொதுவாக வேண்டுமென்றால், பேசினால் வரும் நஷ்டமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். நஷ்டம் குறைந்தவர்தான் முதலில் வாயைத் திறக்கணும். அதைவிட முக்கியம், மற்றவர் பயமில்லாமல் வாயைத் திறக்கிற மாதிரி நடந்துகொள்ளணும்.

காதும் வேண்டும். நாலாவது எபிசோடில் ஒரு காட்சி. பிரிந்துபோன யோஹான் மரியானைப் பார்க்க வருகிறான். தன்னைப் பற்றித் தானே கண்டுபிடித்து எழுதி வைத்திருப்பதை அவள் அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். சின்ன வயசிலிருந்தே பிறர் விருப்பத்துக்கு நடந்து நடந்து, தான் யார் என்றே தெரியாமல் போன கதை. முதல் எபிசோடின் பேட்டியில் வராத பதில் அதுதான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மை பேசுகிறாள். நிமிர்ந்து பார்த்தால்... யோஹான் தூங்கிவிட்டான்!

இந்தத் தொடரைப் பார்த்துத்தான் ஸ்வீடனில் விவாகரத்து பெருகியது என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. 1974-ல் அங்கே விவாகரத்து எகிறியது நிஜம். ஆனால் அந்த வருஷம் ஜனவரி 1-ம் தேதிதான் அங்கே புதிய சட்டம் அமலுக்கு வந்தது. யார்மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இருவரும் சம்மதித்தால், பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தை இல்லாத பட்சத்தில் உடனே பிரியலாம். மற்றவர்களுக்கு ஆறு மாதம் யோசிக்க அவகாசம். அவ்வளவு சுலபமாக்கினால் காத்திருந்தவர்கள் வரிசையில் நிற்க மாட்டார்களா? சட்டம் செய்ததை சீரியல் தலையில் கட்டுவது, ஜுரத்துக்கு தெர்மாமீட்டரைத் திட்டுகிற கதை.

கடைசி எபிசோடில் இருவரும் வேறு வேறு ஆட்களைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர்களுக்குத் தெரியாமல் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். இப்போதுதான் இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அந்த ராத்திரிக்காக வேறு இரண்டு பேரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்! பெர்க்மன் யாருக்கும் நற்சான்றிதழ் கொடுப்பதில்லை. பிற்பாடு, 2003-ல், 'சரபாண்ட்' என்ற படத்தில் அதே இருவரை வயோதிகத்தில் மறுபடி சந்திக்க வைத்தார். 2021-ல் அமெரிக்காவில் இதே கதையை மறுபடி எடுத்தபோது, விட்டுப் போகிறவள் மனைவி என்று மாற்றினார்கள். ஆள்தான் மாறினார். கேள்வி மாறவில்லை.

எல்லா உண்மையையும் இன்று ராத்திரியே கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலது உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும். மனசில் இருப்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று காண்டே கேட்கவில்லை. ஆனால் பயத்தினாலோ சோம்பலினாலோ, 'எதுக்கு வீண் வம்பு' என்றோ வாராவாரம் விழுங்குகிற சின்ன உண்மை ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அது மாமியார் வீட்டுப் பயணமாக இருக்கலாம். சம்பளக் கணக்காக இருக்கலாம். 'இன்னிக்கு எனக்குப் பேச யாராவது வேணும்' என்ற ஒரு வரியாகக்கூட இருக்கலாம்.

உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எது?