பெயரும் கலமும்

கலங்கரை விளக்கம் எழுப்ப இயலாத கடற்பரப்பில் நங்கூரமிட்டு நின்று, கம்பத்தின் உச்சியில் ஒளியேற்றி மற்றக் கலங்களுக்கு வழிகாட்டியது விளக்குக் கப்பல். அமெரிக்காவில் இத்தகைய கப்பலின் பக்கத்தில் பேரெழுத்துகளில் தீட்டப்பட்ட பெயர் கப்பலுடையது அன்று. அது காவல் நின்ற இடத்துடையது. மடத்தின் பட்டம் பீடத்துக்கே உரியதாயிருக்க, அதில் அமர்பவர் மாறிவருவதை ஒத்த ஏற்பாடு இது. கப்பலோடு நிலைத்தது எண் மட்டுமே.

டெலவேர் மாநிலத்தின் லூயிஸ் நகரில் சீரமைக்கப்பட்டு நிற்கும் 'ஓவர்ஃபால்ஸ்', 118 என்னும் எண்ணுடன் 1938இல் மேய்ன் மாநிலத்தில் கட்டப்பட்டு, கார்ன்ஃபீல்டு பாயிண்ட், கிராஸ் ரிப், பாஸ்டன் ஆகிய நிலைகளில் பணியாற்றி 1972இல் ஓய்வுபெற்றது. டெலவேர் விரிகுடாவின் வாயிலிலிருந்த ஓவர்ஃபால்ஸ் நிலையில் அது ஒரு நாளும் நின்றதில்லை. 1973இல் நகரின் வரலாற்றுச் சங்கத்துக்கு வழங்கப்பட்ட பின்னரே உள்ளூர்க் கடலின் நினைவாக அப்பெயரைப் பெற்றது. ஆகவே 'பாஸ்டன்' என்ற பெயரைத் தொடரும் ஆய்வாளர் பல கப்பல்களின் கதையைக் கலந்துவிடுவார். எண்ணைத் தொடர்பவருக்கே ஓருடலின் வரலாறு கிட்டும்.

புளூடார்க் கூறிய தீசியஸின் கப்பலில் பெயர் நிலைக்கப் பலகைகள் மாறின. இங்கோ எஃகு உடல் பெரும்பாலும் நிலைக்கப் பெயர் மாறுகிறது. உறுப்புகளில் தங்கியும் அவற்றினின்று வேறாயும் உள்ள முழுப்பொருளை நியாய வைசேடிகர் 'அவயவி' என்பர். உறுப்பு மாறினால் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்பது அவர்கள் முடிவு. அதன்படி, துருவேறிய தகட்டை மாற்றும்தோறும் புதுக் கப்பலே பிறக்கும் (சீரமைப்போர் இதை ஏற்பது கடினம்). அவயவியை மறுக்கும் பௌத்தரோ, தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழக்கில் வழங்கும் பெயரே என மிலிந்த பண்ஹா என்னும் நூலில் நாகசேனர் என்னும் துறவியின் வாயிலாகக் கூறுவர். விளக்குக் கப்பலின் நடைமுறைக்கு இக்கொள்கையே நெருங்கியது. ஆயினும் வழக்கு என்பது மனம்போன போக்கு அன்று, ஏனெனில் அப்பெயரைப் படித்துத் தன் இருப்பிடத்தை உறுதிசெய்துகொண்ட மாலுமிக்கு, கப்பல் நின்ற இடமே பெயரை மெய்யாக்கியது.

கரையோரம் கட்டிவைக்கப்பட்ட இக்கப்பலுக்கு, பெயரை இடத்தோடு பொருத்திப் பார்க்கும் அச்சோதனை இல்லை. எனவே இன்றைய பெயரைப் பொய் என்று சுரண்டியெடுத்து 'பாஸ்டன்' என எழுதுவதே நேர்மை எனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பாஸ்டன் நிலையில் அது நின்றது பத்தாண்டுகளே, முழுப் பணிக்காலமும் 34 ஆண்டுகளே. லூயிஸ் நகரிலோ அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. எண்ணின்கீழ் எழுதப்படும் வரலாற்றில் இதுவே மிக நீண்ட இயல்.