முதல் சுற்றில் தோற்றவள்

பெரியநாயக்கன்பாளையத்தில் எந்தத் தொழிலைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்துவிடும்: "எவ்வளவு போட்டீங்க, எவ்வளவு வந்துச்சுங்க?" நூற்பு இயந்திரமும் பட்டறையும் வளர்த்த ஊர், கேள்வியில் தப்பில்லை. ஆனால் பெண்கள் டென்னிஸின் கீழ்த்தட்டில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் தொழில்முறைப் போட்டிகளில் கடைசிப் படி டபிள்யூ15. மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். ஒற்றையரில் 32 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்றில் தோற்பவருக்குச் சுமார் 150 டாலர். விமானக் கட்டணம், அறை வாடகை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அப்பா அம்மா தலையில். போட்டது வராது என்று தெரிந்தேதான் போகிறார்கள். இது வீண்தானா?

1976இல் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதனை எடுத்துக்கொள்வோம். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிச்சினியை வென்றார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண், நவீன காலத்தில். உடனே நாம் சொல்கிறோம்: "பட்ட பாடு வீண்போகலை." சரி, அன்றைக்கு அவர் தோற்றிருந்தால்? அதற்கு முன்பு உழைத்த அத்தனை வருஷமும் அப்படியேதான் இருந்திருக்கும். ஒரே ஓர் ஆட்டம் எப்படிப் பின்னால் போய் அவற்றின் மதிப்பை மாற்றும்? மாற்றுகிறது என்றால் நாம் மதித்தது உழைப்பை அல்ல, முடிவைத்தான்.

அப்படியானால் "பலனை எதிர்பார்க்காதே" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாமா? சுலபமாகச் சொல்லிவிடலாம், டிக்கெட் எடுப்பது நாமில்லையே. பற்றின்மை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவருக்குச் சொன்னால், கூலியைக் குறைக்க ஒரு சாக்காகிவிடும்.

"யாருங்க ஆடச் சொன்னது?" என்பார்கள். யாரும் சொல்லவில்லை. ஆனால் தரவரிசை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். 32 பேரில் 31 பேர் தோற்றால்தான் ஒருத்தி கோப்பையைத் தூக்க முடியும். அவளுடைய புள்ளிகள் இவர்களைத் தோற்கடித்துச் சேர்த்தவை. தோற்பவர்கள் வராவிட்டால் போட்டியே இல்லை. ஆகவே அவர்களுக்குக் கொடுப்பது தருமம் ஆகாது. செய்த வேலைக்கான கூலி.

"எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கலாம், தாராளமாக. கூடவே, "அவ போட்டதுல யாருக்கெல்லாம் வந்துச்சு?" என்றும் கேட்க வேண்டும். நேர்மையான கணக்கில் இரண்டு பக்கமும் இருக்கும்.