வாயில் காத்தவனின் கடன்

மயிலிராவணன் கதை வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ஆயினும் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைதோறும் விற்று, படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்கத் தெரியாத பலருக்கு உரக்கப் படித்துக் காட்ட, காப்பியங்கள் எட்டாத இடங்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து இஸ்தோப்பிலே குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதனைக் கேட்டவர்களுள் நாமும் இருந்தோம்.

கதை இதுதான். இலங்கை மாநகருக்கு அடியிலே பாதாள இலங்கை என்றொரு நகர் உண்டு. அதன் அரசனான மயிலிராவணன், உறங்கிக் கிடந்த இராம இலக்குவரைக் கவர்ந்து சென்று காளிக்குப் பலியிட நாள் குறிக்கிறான். அவர்களை மீட்க அனுமன் கீழே இறங்குகிறான். அங்கே வாயிலில் ஓர் இளைஞன் நிற்கிறான். அவன் பெயர் மச்சவல்லவன். எவரையும் வெல்லும் அனுமனால் அவனை வெல்ல முடியவில்லை. ‘நீ யார்?’ என்று கேட்ட பிறகே உண்மை வெளிப்படுகிறது. அனுமனின் உடலிலிருந்து கடலில் வீழ்ந்த ஒரு துளி வியர்வையை மீனொன்று விழுங்க, அம்மீன் வயிற்றிற் பிறந்தவன் அவன். எதிரில் நிற்பவர் தந்தை என்று தெரிந்த பின்பும் அவன் வழிவிடவில்லை. ‘இவ்வரசன் உப்பைத் தின்று வளர்ந்தேன், அவன் வாயிலை நான் திறக்க இயலாது’ என்கிறான்.

சிறு வயதில் நாம் அனுமனுக்காகக் கை தட்டினோம். இன்று நினைத்துப் பார்க்கையில் நம்மை விடாமற் பற்றிக்கொள்பவன் மச்சவல்லவனே. அவன் செய்தது சரியா?

நம் இலக்கிய மரபு அவனைக் குறை கூறாது. செஞ்சோற்றுக்கடன் என்பது தமிழர் போற்றிய விழுமியங்களுள் ஒன்று. கர்ணனை அதற்காகவே நேசிக்கிறோம். அண்ணன் செய்தது தவறென்று நன்கறிந்தும் அவனுக்காகவே களத்தில் மடிந்த கும்பகருணன் முன்னே வீடணன் ஒளி மங்கித்தான் தெரிகிறான். இவ்வுணர்ச்சியை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. உண்ட இடத்துக்குத் துரோகம் செய்யாதவனிடத்திலேதான் தோழமையையும் எதிர்பார்க்க முடியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சோறு யாருடையது?

மலைநாட்டிலே இக்கேள்விக்குக் கணக்கேடுகளில் விடை உண்டு. தோட்டத்தில் அரிசி கொடுக்கப்பட்டது உண்மை. அதன் விலை சம்பளத்திலே பிடிக்கப்பட்டதும் உண்மை. தமிழகத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறிய செலவு, கம்பளிச் செலவு, திருவிழாவுக்கு வாங்கிய முற்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் ஏறின. அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். அந்தத் தொகையை ஏற்பவனே அவனையும் ஏற்பான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதர் இவ்வாறு கடனோடு கடனாகக் கைமாறினர். ஊட்டியவர் யார், உண்டவர் யார் என்பதைக் கணக்குப்பிள்ளையின் பேரேடு தலைகீழாக எழுதிவைத்திருந்தது. கொழுந்து பறித்தவளுக்குத் தோட்டம் கடன்பட்டிருக்க, அவளோ தோட்டத்துக்குக் கடன்பட்டவளாக வாழ்ந்து மடிந்தாள்.

வாயில் காத்தவரும் அந்நியர் அல்லர். பெரியகங்காணி, தான் அழைத்து வந்தவர்களின் ஊர்க்காரர், பலருக்கு உறவினர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு கிடைத்தது. ஒரே வியர்வையிற் பிறந்தவர் ஒருவர், வியர்வையின் விலையை எண்ணி வாங்கிக்கொண்டு வாயிலில் நின்றார். துரை அவரை அடித்து நிறுத்தவில்லை. மரியாதை கொடுத்து நிறுத்தினார். தலைப்பாகையும் கோட்டும் அணிந்து அவர் வரும்போது ஒதுங்கி நின்ற மக்களுக்கும், அவர் ‘நம்ம ஆள்’ என்ற பெருமிதம் ஓரளவு இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். துப்பாக்கியை ஏந்திய கையும் மாதச் சம்பளம் வாங்கிய கைதான். அதுவும் உப்புக்கு நேர்மையாகத்தான் இயங்கியது.

இவ்வாறு எழுதும்போது நமக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. லயத்திலிருந்து படித்து வெளியேறியோர் இன்று ஆசிரியர்களாக, எழுதுவினைஞர்களாக, தோட்ட உத்தியோகத்தராக இருக்கின்றனர். கொழுந்து நிறுக்கும் தராசின் அருகே நிற்கும் இளைஞன், நிறையில் சில கிலோ கழிக்கப்படுவதைக் காண்கிறான். பறித்தவள் அவனுடைய தாயின் வயதொத்தவள், தாயாகவும் இருக்கலாம். அவனுக்கும் தம்பி தங்கையர் உண்டு. வேலை போனால் வீடும் போகும். அவனைக் கோழை என்று திட்டுவது எளிது. பணியிட மாற்றத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்த நாட்கள் நமக்கும் உண்டு.

கதையில் வாயிலைத் திறந்தது வீரன் அல்லன் என்பது கவனிக்கத் தக்கது. மயிலிராவணனின் தங்கை தூரதண்டிகை, அண்ணனாலேயே அடிமையாக்கப்பட்டு நீர் சுமப்பவள். அவளுடைய மகனும் பலிக்குக் குறிக்கப்பட்டவன். அவள் குடத்திலே ஒளிந்துதான் அனுமன் உள்ளே நுழைகிறான். அவளும் அந்த வீட்டு உப்பைத் தின்றவளே. ஆனால் அது எவ்வளவு என்பதையும், தான் சுமந்த குடங்கள் எத்தனை என்பதையும் அவள் அறிவாள். வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் கோ. நடேசையர் துணி வியாபாரி வேடத்திற் புகுந்தார் என்று அவர் வரலாறு கூறும். 1931இல் அட்டனில் அவர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த பின்னர், கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டியவர் அவர் துணைவியார் மீனாட்சியம்மாள். அக்கூட்டங்களுக்கு வந்த பெண்கள் தூரதண்டிகையின் வழித்தோன்றல்களே.

உள்ளே நுழைந்த பின்னும் வேலை முடிவதில்லை. மயிலிராவணனின் உயிர் அவன் உடலில் இல்லை. வண்டுகளாக வேறோரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வெட்ட வெட்ட அவன் எழுந்து நிற்கிறான். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் வெள்ளைக் கம்பனிகள் போயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் வந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றத்துக்குச் சென்றன. பங்களாவில் இருக்கும் துரை மாறுகிறார். விலை கூறப்படும் இடமும் இலாபம் சேரும் இடமும் மலையிலிருந்து தெரிவதில்லை. நம் பாதாளம் கடல்மட்டத்துக்கு மேலே பல்லாயிரம் அடி உயரமல்லாவிடினும் மலைமேல் இருக்கிறது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

அன்று இஸ்தோப்பில் கதை படித்த முதியவரிடம் ஒரு சிறுமி கேட்டாள்: ‘தாத்தா, அவனுக்குச் சோறு போட்டது ராசாதானா, இல்லை அந்தத் தண்ணி தூக்குற அம்மாவா?’ அவர் வெற்றிலையை மென்றபடி சிறிது நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கைத் தூண்டிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.