உள்ளநோயை வினவுதல் முறையா?

நோய் இரண்டு என்றார் பகவன் புத்தர்: உடல்நோய் ஒன்று, உள்ளநோய் ஒன்று. உடல்நோயின்றி நூறாண்டு வாழ்ந்தேன் என்பாரைக் காணினும் காணலாம்; ஆசவங்களை அறுத்த அரகந்தரையன்றி, உள்ளநோயின்றி ஒரு கணம் இருந்தேன் என்பாரைக் காண்டல் அரிது என்பது அங்குத்தர நிகாயத்தின் கருத்து. அங்ஙனமாயின், உடல்நோய்க்கென வந்தவரை வைத்தியர் உள்ளநோய் பற்றியும் வினவுதல் முறையா?

பூனாவை அடுத்த சாங்வியில் வாழும் நம்மவர் ஒருவர், அருகிலுள்ள ஔந்த் மாவட்ட மருத்துவமனைக்குச் சர்க்கரை நோய்க்காகச் செல்கிறார் என்க. உறக்கமில்லை, உடல் அசதி, தலைக்கனம் என்பார். மனச்சோர்வு என்று தாமாகச் சொல்லார். எரவாடா என்றவுடன் பூனா மக்களுக்குச் சிறைச்சாலையும் மனநோய் மருத்துவமனையுமே நினைவில் எழும். அவ்வச்சம் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமற்றிருந்தீரா, மனந்தளர்ந்து நம்பிக்கையிழந்திருந்தீரா என்னும் இரண்டு கேள்விகளே முதற்சல்லடையாகப் போதும். 'ஆம்' என்போரை மேலும் ஆராய்ந்த பின்னரே நோய் உண்டா இல்லையா என முடிவு செய்யப்படும்.

எனினும் அறிஞர் ஒருமித்திலர். நோயைத் துணியவும், சிகிச்சையளிக்கவும், தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடுள்ள இடங்களில் வயதுவந்தோரை வினவுக என்று 2002இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு பரிந்துரைத்தது. 2013இல் கனடா நாட்டுக் குழுவோ, நன்மைக்குச் சான்று போதாமையாலும், நோயற்றோரை நோயாளர் எனக் கொள்ளும் பிழை நேருமாதலாலும், எல்லோரையும் வழக்கமாக வினவ வேண்டா என்றது. நம் நாட்டிலேயே கோவாவில் நிகழ்ந்த மானஸ் ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூரார் ஆலோசகராய் உடனிருந்த அரசு நிலையங்களில் நலம்பெற்றோர் மிகுந்தனர். தனியார் வைத்தியரிடத்தில் அவ்வேற்றம் காணப்படவில்லை. ஆகவே வினவுதல் மட்டும் மருந்தாகாது என்பது தெளிவு.

விநய பிடகம் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நாம் அறிவோம். வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்தார் ஒரு பிக்கு. பகவன் அழைப்பின்றியே அவரை அணுகி, உமக்கு என்ன நோய், உம்மைப் பேணுவார் உளரோ என வினவினார். பின்னர் ஆனந்தரோடு தாமே அவரை நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். கேட்ட வாயும் கழுவிய கையும் ஒருவருடையனவே. நம் வினாவிற்கு விடை இதிலுள்ளது: கேட்டல் கடமை, கேட்டபின் கைவிடல் பாவம்.

துக்கம் முதல் வாய்மையன்றோ, அதற்கு மருந்தேன் என்பர் சிலர். மனச்சோர்வோ, அவ்வாய்மையை உணர்ந்து நடக்கும் முயற்சியையே பறித்துவிடும் நோய். முற்பிறவி வினை என்பார்க்கு, நம் இழிநிலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அதே சொல்லை அண்ணல் அம்பேத்கர் மறுத்தனர் என்பதை நினைவூட்டுகிறோம். நாம் விட்டு வந்த சொல்லை நோயாளியின் தலைமேல் ஏற்றலாகாது.

மராட்டியில் கேட்கும் கேள்விக்குத் தமிழ்த்தாய் ஒருத்தி தன் நெஞ்சைத் திறத்தல் எளிதன்று. ஆதலின் மொழியறிந்த நம் இளைஞர் மருத்துவமனைக்கு உடன்செல்க; அங்குக் கேட்டதை வெளியில் பேசாதிருக்க. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைத் தமிழிலும் பயன்படுத்தலாம் என எடுத்துரைக்க. அடுத்த வாரமும் அவ்வீட்டின் கதவைத் தட்டுக. மைத்திரி என்பது அதுவே.