மொய் நோட்டு

டெக்சாஸில் இருக்கும் மகள் ஒரு நாள் ராத்திரி போனில், "அம்மா, லைசென்ஸ் வாங்கிட்டோம்" என்றாள். கார் லைசென்ஸ்தான் எப்போதோ வாங்கிவிட்டாளே என்று நினைத்தேன். கல்யாண லைசென்ஸாம். கவுண்டி கிளார்க் ஆபீசுக்கு இரண்டு பேரும் அடையாள அட்டையோடு போய், எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து, பணம் கட்டினால் கையில் கொடுத்துவிடுவார்களாம். வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் செய்ய முடியும். 90 நாளுக்குள் செய்யாவிட்டால் அது செல்லாது. கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அதில் கையெழுத்துப் போட்டு அதே ஆபீசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார்கள்.

"மாத்திரை அட்டை மாதிரி கல்யாணத்துக்கும் காலாவதித் தேதியா?" என்று இவர் சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் மகள் கேட்டாள்: "உங்க மேரேஜ் சர்டிபிகேட் ஒரு காப்பி அனுப்புங்கம்மா. அப்பாவை இங்க கூப்பிடப் பேப்பர் போடணும்னா பின்னாடி கேப்பாங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 1986 வைகாசியில் ஆம்பூரில் தாலி கட்டினார். நானூறு பேர் சாப்பிட்டார்கள். அன்றைக்கு எங்கள் இருவரையும் யாரும் எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு அப்படியில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஆம்பூரில் என்னோடு படித்தவளின் நிக்காஹ் பள்ளிவாசல் தஃப்தரில் இருக்கிறது. மஹர் இவ்வளவு, சாட்சி இன்னார் என்று அன்றே எழுதி வாங்கிவிட்டார்கள். இங்கே வேலூர் பாகாயத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்குச் சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ஓலை வாசித்தார்கள். முடிந்ததும் மணமக்கள் உள்ளே போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே வெளியே வந்தார்களாம். கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-லிருந்தே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எழுதப்பட்ட ஒரே ஏடு மொய் நோட்டு.

கேலியாகச் சொல்லவில்லை. அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. நீள வாட்டில் தைத்த கணக்கு நோட்டு, அட்டையில் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. தாய்மாமன் நூற்றியொன்று, டேனரி டிரம் செக்‌ஷன் ஆட்கள் சேர்ந்து ஐம்பத்தொன்று, யாரோ ஒரு அத்தை எவர்சில்வர் குடம். ஐந்து ரூபாய் வைத்தவர் பெயரும் ஊரோடு இருக்கிறது. அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்கள், பெண்ணையும் பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல்லவில்லை. ஏனென்றால் மொய் திருப்பிச் செய்ய வேண்டியது, மறந்துவிட்டால் மனஸ்தாபம். கல்யாணத்தை யார் மறக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைப் பார்க்கும் வரை.

ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகம் தைக்கிறவள். விடியற்காலை கம்பெனி பஸ் வரும்போது டிபன் டப்பாவோடு ஓடுவாள். புருஷன் டேனரியில் வேலை பார்த்தவர். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவில்லை. பி.எஃப். பணமும் விதவை பென்ஷனும் வர வேண்டும். வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டபோது, புருஷனுடைய அண்ணன் தம்பிகள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இவ கட்டிக்கிட்டவளா, வச்சிக்கிட்டவளா?"

பதினாறு வருஷம் சோறு பொங்கிப் போட்டவளைப் பார்த்து. வள்ளிமலையில் நடந்த கல்யாணம். கூட வந்தவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. கோயில் ரசீது எந்த மழையில் போயிற்றோ. ரேஷன் கார்டில் பெயர் இருந்தது, ஆதாரில் கணவர் பெயர் இருந்தது. "அது நீ சொல்லி எழுதினது" என்றார்கள். விசாரணைக்கு வந்தபோது தெருவே போய்ச் சொன்னோம். நானும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த நாட்களில் அவள் தாலியை, கழற்றி வைத்ததைத்தான், ஒரு துணியில் முடிந்து பையிலேயே வைத்திருந்தாள். யாராவது கேட்டால் காட்டுவதற்காம்.

2006 பிப்ரவரி 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சீமா என்ற பெண்ணின் வழக்கில், எந்த மதமானாலும் திருமணத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது இதற்காகத்தான். தமிழ்நாட்டுச் சட்டம் 2009 நவம்பர் 24-இல் அமலுக்கு வந்தது. 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. டெக்சாஸில் கல்யாணத்துக்கு முன்னால் 90 நாள், இங்கே கல்யாணத்துக்குப் பின்னால் 90 நாள். அங்கே அரசாங்கம் சரி என்று சொன்ன பிறகு கல்யாணம்; இங்கே ஊர் சரி என்று சொன்ன பிறகுதான் அரசாங்கம்.

ஊர் சரி என்று சொல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். ஆனால் அதில் 30 நாள் முன்னறிவிப்பு. பெயரும் விலாசமும் ஆபீஸ் சுவரில் ஒட்டப்படும், ஆட்சேபணை உள்ளவர் சொல்லலாம். சாதி மாறிக் கட்டிக்கொள்ள ஓடி வந்த பிள்ளைகளின் விலாசத்தைச் சுவரில் ஒட்டுவதைப் போல ஒரு கொடுமை எனக்குத் தெரியவில்லை. ஓலை வாசிப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று நர்ஸம்மா கேட்டார். ஓலை வாசிக்கிற இடத்தில் கத்தியோடு யாரும் காத்திருப்பதில்லை என்றேன்.

என் மாமியார் கதை வேறு விதம். 1950-களில் ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைக் கல்யாணம். அந்தக் காலத்தில் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1967-இல் அண்ணா அரசு சட்டம் நிறைவேற்றியது. உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் திருமணம் செல்லும், முன்னால் நடந்தவையும் செல்லும் என்று. மாமியார் சொல்வார்: "மூணு புள்ளை பெத்தப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு பேப்பர்ல போட்டான்."

அப்படியானால் காகிதம்தான் கல்யாணமா? அதுவும் இல்லையாம். 2024 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பைப் படித்தேன். விமானிகள் இருவர், சடங்கு எதுவும் நடக்காமலேயே முதலில் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். பிறகு சண்டை. இந்துத் திருமணச் சட்டப்படி சடங்கு நடக்காவிட்டால் திருமணமே நடக்கவில்லை, சான்றிதழ் அதை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தெருப் பெண்ணுக்குச் சடங்கு இருந்தது, காகிதம் இல்லை. அவர்களுக்குக் காகிதம் இருந்தது, சடங்கு இல்லை. அலைந்த கஷ்டம் மட்டும் ஒன்று.

மகள் கேட்ட சான்றிதழுக்காக விசாரித்தோம். எங்களுடையது 2009-க்கு முந்தியது என்பதால் 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின்படி பதியலாம் என்றார் பத்திரம் எழுதுகிறவர். "பத்திரிகை இருக்குதாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. இருந்தது. நான்கு மூலையில் மஞ்சள், ஒரு மூலையைப் பூச்சி தின்றிருந்தது. 'ஆம்பூர், வ.ஆ. மாவட்டம்' என்று அச்சாகியிருந்ததை அவருடைய உதவியாளர், சின்னப் பையன், திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வ.ஆ.ன்னா இன்னாக்கா?" வட ஆற்காடு. அது 1989-இல் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் ஆயிற்று, பிறகு வேலூர் ஆயிற்று, 2019-இல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. கல்யாணம் நடந்த இடம் ஒரு அடி நகரவில்லை.

துணைக்கு மொய் நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். "இதெல்லாம் செல்லாதும்மா" என்றார் எழுத்தர். சொல்லிவிட்டு அதையே பத்து நிமிஷம் புரட்டினார். "என் மாமனார் பேரு இதுல கீது" என்றார் கடைசியில். ஏழு ரூபாய். அதற்குப் பிறகு எங்கள் வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாட்சிக்குக் கல்யாணத்துக்கு வந்த ஆளாகவே கூட்டி வாருங்கள், கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்றார். அன்று ராத்திரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இவர் பெயரைப் படிப்பார், நான் "இல்லை" என்பேன். அப்படியே எட்டுப் பக்கம் போயிற்று. இருந்தவர்களிலும் சிலர் பெங்களூரில், சிலர் படுக்கையில். பத்தாம் பக்கத்தில் இவருடைய பழைய ஃபோர்மேன் அகப்பட்டார்.

எண்பது தாண்டியவர். ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து, இரண்டாம் நம்பர் பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பான பாகாயம் வரைக்கும் தனியாகவே வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பொட்டலம் மக்கன் பேடா. ஆபீசில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். அரை நூற்றாண்டு தோலும் சுண்ணாம்பும் பட்ட விரல்கள், பேனா நிற்கவில்லை. நான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்ததும் சொன்னார்: "நல்லா ஞாபகம் இருக்குது தங்கச்சி. அன்னிக்குச் சாம்பார்ல உப்பு கம்மி. நான் பதினோரு ரூபா வச்சேன். நோட்டுல இருக்கும் பாரு."

நோட்டு என் பையில்தான் இருந்தது. அதில் ஐந்து என்று இருந்தது. "ஆமாண்ணே, பதினொண்ணுதான்" என்றேன்.